பள்ளிப் பிள்ளைகளின் தற்கருத்து: அளந்தறியும் இருவழி முறை

ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் நிலைமையை அறிய விரும்பும் பஞ்சாயத்து உறுப்பினர் எவற்றைக் கேட்கிறார்? எத்தனை வகுப்பறைகள், எத்தனை ஆசிரியர்கள், பதிவேட்டில் எத்தனை பிள்ளைகள், அவர்களுள் நாள்தோறும் வருகிறவர் எத்தனை பேர் என்று கேட்கிறார். குடிநீர், கழிப்பிடம், சுற்றுச்சுவர் ஆகியவற்றைப் பார்வையிடுகிறார். ஆண்டு முடிவில் மதிப்பெண் விவரத்தையும் கேட்டறிகிறார். இவை யாவும் கேட்கத்தக்க கேள்விகளே. எண்ணக்கூடியவற்றை எண்ணி வைப்பது நிர்வாகத்தின் முதற்கடமை என்பதில் ஐயமில்லை.

ஆயினும் பதிவேட்டின் எந்தப் பக்கத்திலும் எழுதப்படாத விஷயம் ஒன்று உண்டு. பள்ளிக்கு வரும் குழந்தை தன்னைப் பற்றி என்ன எண்ணிக்கொண்டிருக்கிறது என்பதே அது. "எனக்குக் கணக்கு வராது", "என்னோடு யாரும் சேரமாட்டார்கள்", "நாங்களெல்லாம் படித்து என்ன ஆகப்போகிறது" என்று பத்து வயதில் ஒரு குழந்தை முடிவு கட்டிவிடுமாயின், எவ்வளவு நல்ல கட்டிடம் கட்டிக் கொடுத்தாலும் அது கடைசி வரிசையையே நாடும். ஐயம் தோன்றினால் கேட்காது. தெரிந்த விடையையும் சொல்லாது. வீட்டில் வேலை என்ற ஒரு காரணம் கிடைத்தவுடன் பள்ளியை விட்டு நின்றுவிடவும் கூடும். நின்றுவிட்ட பிள்ளைகளைப் பின்னர்ப் பட்டியல் எடுத்துத் தேடி அலைவதைவிட, நிற்பதற்கு முன்னரே அவர்கள் மனநிலையை அறிந்துகொள்வது மேலன்றோ?

இதனை அறிய வழி உண்டா? உண்டு. குழந்தை தன்னைத் தானே மதிப்பிடுவது ஒரு வழி. ஆசிரியர் அக்குழந்தையை மதிப்பிடுவது மற்றொரு வழி. இவ்விரண்டில் எதுவும் தனித்து நின்றால் முழு உண்மையைக் காட்டாது. இரண்டையும் அருகருகே வைத்து, எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்று பார்க்கும்போதுதான் பயன் விளைகிறது. இக்கட்டுரையில் நாம் விளக்க முற்படுவது இதுவே.

தற்கருத்து என்பது யாது?

ஒருவர் தம்மைப் பற்றித் தாமே கொண்டுள்ள எண்ணங்களின் தொகுப்பைக் கல்வி நூலார் 'தற்கருத்து' என்பர். 'நான் எப்படிப்பட்டவன்? என்னால் எவை இயலும்? மற்றவர் என்னை எவ்வாறு மதிக்கின்றனர்?' என்னும் வினாக்களுக்கு மனம் தனக்குள் சொல்லிக்கொள்ளும் விடையே அது.

அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ், 1890-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், ஒருவருடைய தன்மதிப்பு அவர் அடைந்த வெற்றியை மட்டும் பொறுத்ததன்று என்றார்; அவர் எதிர்பார்த்ததோடு அவ்வெற்றியை ஒப்பிட்டுப் பார்ப்பதைப் பொறுத்தது என்றார். நூற்றுக்கு 60 மதிப்பெண் பெற்ற இரு மாணவருள், 50 எதிர்பார்த்தவன் மகிழ்கிறான். 90 எதிர்பார்த்தவன் தலை குனிகிறான். மதிப்பெண் ஒன்றே, மனநிலை வேறு. சமூகவியல் அறிஞர் சார்லஸ் கூலி 1902-இல், பிறர் தன்னை எவ்வாறு காண்கிறார்கள் என்று ஒருவன் எண்ணுகிறானோ அதையே கண்ணாடியில் தெரியும் தன் உருவமாகக் கொள்கிறான் என்று விளக்கினார். பெற்றோரும் ஆசிரியரும் தோழரும் குழந்தைக்கு அத்தகைய கண்ணாடிகளாவர்.

தற்கருத்து ஒரே துண்டாக இருப்பதன்று. ஒரே பட்டாவில் நன்செய்யும் புன்செய்யும் அடங்கியிருப்பது போல, ஒரே குழந்தையிடம் பாடத்தைப் பற்றிய எண்ணம் ஒருவிதமாகவும், விளையாட்டைப் பற்றிய எண்ணம் வேறுவிதமாகவும், தோழமையைப் பற்றிய எண்ணம் மற்றொருவிதமாகவும் இருக்கும். ஷாவெல்சன், ஹப்னர், ஸ்டான்டன் என்னும் மூவர் 1976-இல் எழுதிய கட்டுரைக்குப் பின் இக்கருத்து ஆராய்ச்சியாளரிடையே வேரூன்றியது. ஆகவே, 'இந்தப் பையனுக்குத் தன்னம்பிக்கை இல்லை' என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறுவது, வயலைப் பாராமல் பட்டாவை மட்டும் பார்த்து விளைச்சலைக் கணிப்பது போலாகும்.

நல்ல அளவைக்கு இரண்டு சோதனைகள்

மனத்தில் உள்ளதை அளக்க முடியுமா என்று விவசாயிகள் ஐயுறுவது இயல்பு. எந்த அளவையாயினும் அதனை இரண்டு வகையில் சோதித்துப் பார்க்கலாம். நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரே மூட்டையை மூன்று முறை தராசில் ஏற்றினால் மூன்று முறையும் ஒரே எடை காட்ட வேண்டும். காட்டினால் அத்தராசு நம்பத்தக்கது. இது முதற்சோதனை, இதனை நம்பகத்தன்மை என்பர். ஆனால் எவ்வளவு நம்பத்தக்க தராசானாலும் அது நெல்லின் ஈரப்பதத்தைச் சொல்லாது. ஈரப்பதத்துக்கு வேறு கருவி வேண்டும். எதை அளக்க விரும்புகிறோமோ அதைத்தான் இக்கருவி அளக்கிறதா என்பது இரண்டாவது சோதனை. இதனை ஏற்புடைமை என்பர்.

தேர்வு மதிப்பெண் நம்பத்தக்க அளவையாக இருக்கலாம்; ஆயினும் அது தற்கருத்தை அளக்கும் கருவியன்று. நல்ல மதிப்பெண் வாங்கியும் தன்னைத் தாழ்வாக எண்ணும் பிள்ளைகள் உண்டு. அவர்களை மதிப்பெண் பட்டியல் காட்டிக் கொடுப்பதில்லை.

முதல் வழி: குழந்தையே சொல்வது

தற்கருத்து குழந்தையின் உள்ளத்தில் இருப்பதாகையால், அதனை முதலில் குழந்தையிடமே கேட்டறிய வேண்டும். மாரிஸ் ரோசன்பர்க் என்பவர் 1965-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நியூயார்க் மாநிலத்து உயர்நிலைப் பள்ளி மாணவர் ஐயாயிரவருக்கு மேற்பட்டோரிடம் 10 வாக்கியங்கள் கொண்ட சிறு தர அளவுகோலைப் பயன்படுத்தினார். ஒவ்வொரு வாக்கியத்தையும் எவ்வளவு ஒப்புக்கொள்கிறார்கள் என்று மாணவர் குறிக்க வேண்டும், அவ்வளவே. எளிமை காரணமாக அந்த அளவுகோல் இன்றும் உலகெங்கும் கையாளப்படுகிறது.

ஸ்டான்லி கூப்பர்ஸ்மித் என்பவர் கனெக்டிகட் மாநிலத்தில் இன்னும் சிறு வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்தார். அவரது அளவுகோலில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'இது என்னைப் போன்றது', 'இது என்னைப் போன்றதன்று' என்னும் இரண்டில் ஒன்றைக் குழந்தை தேர்ந்தெடுக்கும். தற்கருத்தை அளப்பதற்கு 50 வாக்கியங்கள் இருந்தன. அவற்றோடு, தன்னிடம் குறையே இல்லை என்று காட்டிக்கொள்ளும் பிள்ளையைக் கண்டுபிடிக்க 8 வாக்கியங்கள் கலந்து வைக்கப்பட்டன. கேட்பவருக்குப் பிடித்த விடையையே சொல்லும் வழக்கம் எல்லா ஊர்ப் பிள்ளைகளிடமும் உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார்.

இக்குறையை வேறு விதமாகத் தீர்த்தவர் டென்வர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் ஹார்ட்டர். 1982-இல் அவர் வெளியிட்ட முறை மிகவும் கவனிக்கத்தக்கது. 'நீ நன்றாகப் படிக்கிறாயா?' என்று நேரே கேட்டால் பெரும்பாலான குழந்தைகள் 'ஆம்' என்றே சொல்லும். ஆகவே அவர் இரண்டு வகைப் பிள்ளைகளை வருணித்தார்: சில பிள்ளைகள் இப்படி, வேறு சில பிள்ளைகள் அப்படி. இரு வகையினரும் உலகில் இருக்கிறார்கள் என்று முன்னரே சொல்லிவிடுவதால், எந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தாலும் வெட்கமில்லை. குழந்தை முதலில் தான் எந்த வகையைச் சேர்ந்தது என்று முடிவு செய்கிறது; பிறகு, அது தனக்கு முழுதும் பொருந்துமா, ஓரளவு பொருந்துமா என்று குறிக்கிறது. இவ்வாறு 1 முதல் 4 வரை எண் கிடைக்கிறது. 1985-இல் அவர் இதனை விரிவுபடுத்தி, படிப்பு, தோழமை, விளையாட்டு, தோற்றம், நடத்தை என்னும் ஐந்து துறைகளையும், 'மொத்தத்தில் நான் எப்படி?' என்னும் பொது மதிப்பையும் 36 வாக்கியங்களில் அடக்கினார்.

குழந்தையின் சொல்லுக்கும் எல்லைகள் உண்டு. ஏறத்தாழ எட்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளால் தம்மை மொத்தமாக எடைபோட இயலாது. அவர்கள் எல்லாவற்றிலும் தம்மை உயர்வாகவே சொல்வர். வாசிக்கத் திணறும் குழந்தைக்கு வாக்கியங்களைப் படித்துக் காட்ட வேண்டும். இல்லையேல் நாம் அளப்பது தற்கருத்தை அன்று, வாசிப்புத் திறனையே. நம் வீடுகளில் 'தற்பெருமை பேசாதே' என்று குழந்தைகளைப் பழக்குகிறோம். அடக்கத்தின் காரணமாகக் குறைத்துச் சொல்லும் பிள்ளையையும், உண்மையாகவே தன்னைத் தாழ்வாக எண்ணும் பிள்ளையையும் காகிதத்தில் பிரித்தறிவது அரிது. ஆகவேதான் இரண்டாவது வழி தேவைப்படுகிறது.

இரண்டாம் வழி: ஆசிரியர் மதிப்பிடுவது

ஆசிரியர் ஒரே வகுப்பில் பல பிள்ளைகளை, பல மாதங்கள், பல சந்தர்ப்பங்களில் காண்கிறார். பெற்றோருக்குக் கூட இந்த வாய்ப்பு இல்லை. கூப்பர்ஸ்மித் தமது ஆராய்ச்சியில் ஆசிரியர்களிடம் தனியே ஒரு நடத்தை மதிப்பீட்டுத் தாளைக் கொடுத்தார். தவறு செய்தால் குழந்தை எப்படி நடந்துகொள்கிறது? புதிய வேலை கொடுத்தால் முன்வருகிறதா, பின்வாங்குகிறதா? தோழரோடு கலந்து பழகுகிறதா? அடிக்கடி தைரியம் சொல்லித் தூண்ட வேண்டியிருக்கிறதா? இவையெல்லாம் கண்ணால் காணத்தக்கவை. குழந்தையின் உள்ளத்தை ஆசிரியர் ஊகிக்க வேண்டுவதில்லை. கண்டதைக் குறித்தால் போதும்.

ஆயினும் ஆசிரியர் கண்ணிலும் பிழை நேரும். எட்வர்டு தார்ண்டைக் 1920-இல் ஓர் உண்மையை வெளியிட்டார். இராணுவ அதிகாரிகள் தம் கீழுள்ளோரை உடல்வாகு, அறிவு, தலைமைக் குணம், ஒழுக்கம் எனத் தனித்தனியே மதிப்பிட்டபோது, ஒன்றில் உயர்வாக மதிக்கப்பட்டவர் மற்ற எல்லாவற்றிலும் உயர்வாகவே மதிக்கப்பட்டிருந்தார். ஒரு குணத்தின் ஒளி மற்றக் குணங்களின் மேலும் படிந்துவிடுகிறது. வகுப்பிலும் அப்படியே. கையெழுத்து அழகாக உள்ள பிள்ளை தைரியசாலியாகவும், சட்டை அழுக்காக உள்ள பிள்ளை மந்தமாகவும் தோன்றக்கூடும்.

இதற்கு எளிய பரிகாரம் உண்டு. ஒரு பிள்ளையை எடுத்துக்கொண்டு எல்லாக் குணங்களையும் வரிசையாகக் குறிக்காமல், ஒரு குணத்தை எடுத்துக்கொண்டு வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் குறித்து முடித்து, பிறகு அடுத்த குணத்துக்குச் செல்ல வேண்டும். மதிப்பிடும் முன் குறைந்தது இரண்டு மூன்று மாதமாவது ஆசிரியர் அவ்வகுப்பில் பழகியிருக்க வேண்டும். குழந்தை தனக்குக் கொடுத்துக்கொண்ட எண்களை ஆசிரியர் முன்கூட்டிப் பார்க்கலாகாது.

மற்றொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. ஹார்ட்டர் ஆசிரியருக்கென்று அமைத்த தாளில் ஐந்து துறைகள் மட்டுமே உள்ளன. 'மொத்தத்தில் நான் எப்படி?' என்னும் பொது மதிப்பு அதில் இல்லை. அதனை வெளியிலிருந்து காண முடியாது. அக்கேள்விக்கு விடை சொல்லத்தக்கவர் குழந்தை ஒருவரே.

இரண்டையும் அருகருகே வைத்தல்

கூப்பர்ஸ்மித் 1959-இல் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் சொந்த மதிப்பீட்டையும் ஆசிரியர் மதிப்பீட்டையும் ஒப்பிட்டுத் தன்மதிப்பின் வகைகளைப் பிரித்துக் காட்டினார். அதன்படி நான்கு வகைப் பிள்ளைகளை நாம் எதிர்பார்க்கலாம்.

1. தானும் உயர்வாக மதித்து, ஆசிரியரும் உயர்வாக மதிக்கும் பிள்ளை. இவரைப் பற்றிக் கவலை இல்லை.

2. தானும் தாழ்வாக மதித்து, ஆசிரியரும் தாழ்வாக மதிக்கும் பிள்ளை. இவருடைய துன்பம் கண்கூடு. பாடத்தில் உண்மையாகவே பின்தங்கியிருக்கலாம். இவருக்கு வேண்டுவது வெறும் புகழ்ச்சியன்று. தன் நிலையிலிருந்து தொடங்கும் பாடமும், தினம் ஒரு சிறு வெற்றியும்.

3. தன்னைத் தாழ்வாக மதித்து, ஆசிரியரால் உயர்வாக மதிக்கப்படும் பிள்ளை. நம் கவனம் முதலில் செல்ல வேண்டியது இவர் பக்கமே. இவர் தொந்தரவு செய்வதில்லை. வீட்டுப் பாடம் தவறுவதில்லை. ஆகவே எவர் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் உள்ளுக்குள் 'என்னால் முடியாது' என்று எண்ணிக்கொண்டே இருக்கிறார். மேல்வகுப்புக்குப் போகலாமா என்ற கேள்வி எழும்போது, 'வேண்டாம்' என்று முதலில் சொல்பவர் இவராக இருக்கக்கூடும்.

4. தன்னை உயர்வாக மதித்து, ஆசிரியரால் தாழ்வாக மதிக்கப்படும் பிள்ளை. இங்கு அவசரத் தீர்ப்புக் கூடாது. தோல்வியை மறைக்க வீம்பு பேசும் பிள்ளையாகவும் இருக்கலாம். அல்லது ஆசிரியர் காணாத திறமை உள்ள பிள்ளையாகவும் இருக்கலாம். ஆட்டு மந்தையைத் தனியே மேய்த்துத் திரும்புபவனுக்கும், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டு சமையலும் முடித்துவிட்டு வருபவளுக்கும் தம்மைப் பற்றி உயர்ந்த எண்ணம் இருப்பதில் வியப்பென்ன? அத்திறமை வகுப்பறையில் வெளிப்பட இடம் இல்லாமற்போனதே குறையாக இருக்கலாம். ஆசிரியரின் பாரபட்சம் காரணமாகவும் இவ்வேறுபாடு தோன்றக்கூடும்.

ஆகவே இரு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அளவையின் கோளாறு என்று தள்ளிவிடலாகாது. கேள்வி கேட்கத் தொடங்க வேண்டிய இடம் அதுவே.

ஒரு மாதிரி

முறையை விளக்கும் பொருட்டு ஒரு சிறு மாதிரியைக் கீழே தருகிறோம். படிப்பு, தோழமை, விளையாட்டும் கைவேலையும், நடத்தை என நான்கு துறைகள். துறைக்கு மூன்று வாக்கியங்கள் என்று கொள்வோம். துறைக்கு ஒன்று வருமாறு:

படிப்பு: சில பிள்ளைகளுக்குப் புதிய கணக்கு விரைவில் பிடிபட்டுவிடுகிறது, வேறு சில பிள்ளைகளுக்குப் பலமுறை சொன்ன பிறகே பிடிபடுகிறது.

தோழமை: சில பிள்ளைகளை விளையாட்டில் சேர்த்துக்கொள்ள மற்றவர்கள் கூப்பிடுகிறார்கள், வேறு சில பிள்ளைகள் தாமே கேட்டுச் சேர வேண்டியிருக்கிறது.

விளையாட்டும் கைவேலையும்: சில பிள்ளைகள் புதிய வேலையைத் தாமே செய்து பார்க்கிறார்கள், வேறு சில பிள்ளைகள் பிறர் செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நடத்தை: சில பிள்ளைகள் தாம் நடந்துகொள்ளும் விதத்தில் திருப்தி அடைகிறார்கள், வேறு சில பிள்ளைகள் வேறு விதமாக நடந்திருக்கலாமே என்று எண்ணுகிறார்கள்.

முதல் பக்கம் முழுதும் பொருந்தினால் 4, ஓரளவு பொருந்தினால் 3. இரண்டாம் பக்கம் ஓரளவு பொருந்தினால் 2, முழுதும் பொருந்தினால் 1. எல்லா வாக்கியத்திலும் உயர்ந்த பக்கத்தை முதலிலேயே வைத்தால் பிள்ளைகள் பழக்கத்தால் குறித்துவிடுவர்; எனவே சிலவற்றில் மாற்றி வைத்து, எண்ணையும் மாற்றிக் கணக்கிட வேண்டும். ஒரு துறையில் மிகக் குறைந்த எண் 3. மிக உயர்ந்த எண் 12. இதே வாக்கியங்களை 'இப்பிள்ளை' என்று மாற்றி ஆசிரியருக்குக் கொடுக்க வேண்டும்.

ஓர் ஆறாம் வகுப்பு மாணவி, படிப்பில் தனக்கு 5-உம், ஆசிரியர் அவளுக்கு 10-உம் கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். தோழமையில் இருவரும் 9 கொடுத்துள்ளனர். மொத்த எண்ணை மட்டும் பார்த்திருந்தால் இவள் நடுத்தரமாகத் தோன்றுவாள். துறைவாரியாகப் பார்த்தபோது, குறை படிப்பைப் பற்றிய எண்ணத்தில் மட்டுமே உள்ளது என்றும், அதுவும் அவள் உண்மைத் திறமைக்குப் பொருந்தாதது என்றும் தெரிகிறது. இனிக் கேட்க வேண்டியது: இவ்வெண்ணம் எங்கிருந்து வந்தது? வீட்டில் அண்ணனோடு ஒப்பிடுகிறார்களா? அண்மையில் பள்ளி மாறி வந்தவளா?

பள்ளி மாறுதல் சிறிய விஷயமன்று. ஹெர்பர்ட் மார்ஷ் என்னும் ஆராய்ச்சியாளர் 1980-களில் நிலைநாட்டிய உண்மை ஒன்றுண்டு: ஒரே திறமையுள்ள இரு பிள்ளைகளுள், திறமை மிக்கோர் நிறைந்த பள்ளியில் படிப்பவர் தம்மைத் தாழ்வாகவும், சாதாரணப் பள்ளியில் படிப்பவர் தம்மை உயர்வாகவும் மதிக்கிறார். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்பது நம் பழமொழி. கிராமப் பள்ளியில் முதலாவதாக இருந்த பிள்ளை நகரப் பள்ளியில் சேர்ந்தவுடன் மனம் தளர்வது திறமை குறைந்ததனால் அன்று. அளக்கும் கோல் மாறியதனால்.

மேலே தந்த மாதிரி விளக்கத்துக்கே உரியது. பள்ளிகளில் பெரிய அளவில் கையாள வேண்டுமாயின், கல்வியியல் கற்றோர் வாக்கியங்களை நம் பிள்ளைகளிடமே முன்சோதனை செய்து, பொருந்தாதவற்றை நீக்க வேண்டும். ஆங்கில அளவுகோலை மொழிபெயர்த்து மட்டும் பயன்படுத்துவது, அயல்நாட்டு விதையை மண்ணறியாமல் விதைப்பதற்கு ஒப்பாகும்.

அளக்கும்போது தீங்கு நேராதிருக்க

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகிய இருவர் உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களைக் கொண்டு நடத்திய சோதனை, பஞ்சாயத்து உறுப்பினர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியதாகும். அதன் முடிவு 2004-இல் வெளியிடப்பட்டது. சிறுவர்களுக்குக் காகிதத்தில் சிக்கல் வழிப் புதிர்கள் கொடுக்கப்பட்டன. தீர்க்கும் புதிர் ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூபாய் பரிசு. சாதி அறிவிக்கப்படாதபோது, உயர்ந்தோர் எனப்பட்ட சாதிச் சிறுவரும் தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவரும் ஏறக்குறைய ஒரே அளவில் புதிர்களைத் தீர்த்தனர். ஒவ்வொருவரின் பெயரையும் சாதியையும் எல்லோர் முன்னிலையிலும் வாசித்த பின்னரோ, தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர் தீர்த்த புதிர்கள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. அறிவு ஒரு நொடியில் குறைந்துவிடுமா? குறைந்தது அறிவன்று, 'இங்கே எனக்கு நியாயம் கிடைக்கும்' என்னும் நம்பிக்கை.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க விதிகள் வருமாறு:

1. வினாத்தாளில் சாதி, பெற்றோர் தொழில், வருமானம் எதனையும் கேட்கலாகாது. வகுப்பில் இவற்றை உரக்கக் கூவி எழுதிக்கொள்ளும் வழக்கம் எங்கேனும் இருந்தால் அதனை உடனே நிறுத்த வேண்டும்.

2. தனிப் பிள்ளையின் எண்ணை வகுப்பிலோ, கிராம சபையிலோ, பெற்றோர் கூட்டத்திலோ வாசிக்கலாகாது. குழுவுக்குத் தேவையானது தொகுப்பு விவரமே.

3. இவ்வெண்களைக் கொண்டு பிள்ளைகளைத் தரவரிசைப்படுத்துவதும், ஆசிரியரைக் குறை கூறுவதும் கூடாது. அப்படிச் செய்தால் அடுத்த ஆண்டு எல்லோரும் உயர்ந்த எண்ணையே எழுதுவர், அளவை பயனற்றுப்போம்.

4. தேர்வு முடிவு வந்த மறுநாளும், பள்ளியில் தண்டனையோ சண்டையோ நிகழ்ந்த வாரத்திலும் அளக்கலாகாது. மழை பெய்த மறுநாள் நெல்லின் ஈரம் பார்ப்பது போலாகும் அது.

5. ஒரு முறை அளந்ததைக் கொண்டு முடிவு கட்டலாகாது. கூப்பர்ஸ்மித்தின் அளவுகோலில், முழு ஒற்றுமையை 1 என்று கொண்டால், ஐந்து வாரம் கழித்து அளந்தபோது ஒற்றுமை 0.88 ஆகவும், மூன்று ஆண்டுகள் கழித்து அளந்தபோது 0.70 ஆகவும் இருந்தது. தற்கருத்து விரைவில் மாறுவதன்று. ஆனால் மாறாததும் அன்று.

6. இது நோய் கண்டறியும் சோதனை அன்று. ஆழ்ந்த துயரமோ அச்சமோ காணப்படும் குழந்தையை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். கொடுமைக்கு ஆளான குழந்தைக்குச் சிறுவர் உதவித் தொலைபேசி எண் 1098 உள்ளது.

வெறும் புகழ்ச்சி மருந்தாகாது

தாழ்ந்த எண்ணம் கண்டவுடன், எல்லோரையும் புகழ்ந்து தள்ளினால் சரியாகிவிடும் என்று கருதுவோரும் உளர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1986-இல் தன்மதிப்பை வளர்ப்பதற்கென்றே ஒரு குழுவை அமைத்தது. ஆனால் ராய் பௌமைஸ்டரும் உடன் ஆராய்ந்தோரும் 2003-இல் பல ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்தபோது, தன்மதிப்பை மட்டும் உயர்த்துவதால் படிப்பு உயர்வதாகத் தெரியவில்லை. நன்றாகப் படிப்பதால் தன்மதிப்பு உயர்வதே பெரும்பாலும் காணப்பட்டது. பாடத்தைப் பற்றிய தற்கருத்தும் பாடத் தேர்ச்சியும் ஒன்றையொன்று தாங்கி வளர்பவை என்று துறைவாரியான ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஆகவே ஆசிரியர் 'நீ கெட்டிக்காரன்' என்று சொல்வதைவிட, 'நேற்று வராத வகுத்தல் கணக்கை இன்று நீயே முடித்தாய்' என்று செய்த காரியத்தைச் சுட்டிச் சொல்வது நலம்.

பஞ்சாயத்தும் பெற்றோரும் செய்யத்தக்கவை

கூப்பர்ஸ்மித் 1967-இல் வெளியிட்ட நூலில், பத்து முதல் பன்னிரண்டு வயதுள்ள 85 சிறுவரின் வீட்டு நிலைமையை விரிவாக ஆராய்ந்து கூறியுள்ளார். சிறுவனின் தன்மதிப்புக்கும் குடும்பத்தின் செல்வத்துக்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பு காணப்படவில்லை. தன்மதிப்பு மிக்க சிறுவரின் வீடுகளில் மூன்று பண்புகள் காணப்பட்டன: பெற்றோர் பிள்ளையை மனமார ஏற்றுக்கொண்டனர், எது செய்யலாம், எது செய்யக்கூடாது என்று தெளிவாக வரையறுத்து அதில் உறுதியாக நின்றனர், அவ்வரம்புக்குள் பிள்ளையின் பேச்சுக்குச் செவி சாய்த்தனர். அவர் ஆராய்ந்தது நடுத்தரக் குடும்பச் சிறுவரை மட்டுமே. பெண் குழந்தைகள் அதில் இல்லை. இருப்பினும் இம்மூன்றும் காசு செலவில்லாதவை. எந்தக் குடிசையிலும் இயலக்கூடியவை.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 29-ஆம் பிரிவு, குழந்தை அச்சமும் கலக்கமும் இன்றித் தன் கருத்தைத் தாராளமாகச் சொல்ல உதவ வேண்டும் என்கிறது. 21-ஆம் பிரிவின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் பெற்றோரும் பாதுகாவலரும், பாதிப் பேர் பெண்களும் இருத்தல் வேண்டும். உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் அதில் இடமுண்டு. ஆகவே இவ்விஷயத்தைப் பேசுவதற்குப் புதிதாக ஒரு குழு அமைக்க வேண்டுவதில்லை.

அக்குழுவில் உறுப்பினர் செய்யத்தக்கவை சிலவே. தலைமையாசிரியரிடம் இம்முறையை எடுத்துரைத்து, ஐந்தாம் வகுப்பிலிருந்து தொடங்கலாமா என்று கேட்கலாம். பெற்றோரின் சம்மதத்தைப் பெற உதவலாம். மூன்றாம் வகையினராகிய அமைதியான பிள்ளைகளுக்குப் பள்ளியில் சிறு பொறுப்புகள் கிடைக்கின்றனவா என்று பார்க்கலாம்: தோட்டத்துக்கு நீர் விடுதல், மழைமானியின் அளவைக் குறித்தல், நூலகப் புத்தகங்களுக்குக் கணக்கு வைத்தல் போன்றவை. விழா நாட்களில் வழக்கமாகப் பரிசு வாங்கும் அதே நான்கு பிள்ளைகளை அன்றி மற்றவரையும் மேடையேற்றச் செய்யலாம். பெண் பிள்ளைகள் தம்மைக் குறைவாக மதித்துள்ள துறை எது என்று தொகுப்பு விவரத்தில் தனியே கவனிக்கலாம்.

கூட்டத்தில் கலந்துபேச வேண்டிய வினாக்கள்

1. நம் பள்ளியில் சென்ற ஆண்டு படிப்பை நிறுத்தியவர்களுள், ஆசிரியரால் நல்ல மாணவர் என்று மதிக்கப்பட்டவர் எத்தனை பேர்? அவர்கள் தம்மைப் பற்றி என்ன எண்ணியிருந்தனர் என்று யாரேனும் கேட்டதுண்டா?

2. வகுப்பில் குழந்தையின் சாதியோ வறுமையோ பிறர் அறியச் சொல்லப்படும் சந்தர்ப்பங்கள் எவை? அவற்றைத் தவிர்ப்பது எப்படி?

3. வீட்டிலும் வயலிலும் நம் பிள்ளைகள் காட்டும் திறமைகளுள் எவற்றைப் பள்ளி அறிந்திருக்கிறது?

மண்ணைச் சோதிக்கும் விவசாயி, அந்நிலத்துக்கு எந்த உரம் வேண்டும் என்று அறியவே சோதிக்கிறார். நிலத்தைப் பழிப்பதற்காக அன்று. பிள்ளைகளின் மனநிலையை அளப்பதும் அத்தகையதே. குழந்தையின் சொல்லையும் ஆசிரியரின் கண்ணையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, அவை முரண்படும் இடத்தில் நின்று காரணம் கேட்கும் பழக்கம் நம் பள்ளிகளில் ஏற்படுமாயின், காரணம் தெரியாமல் கடைசி வரிசையில் ஒடுங்கிப்போகும் பிள்ளைகளுள் சிலரையேனும் காலத்தில் காப்பாற்றலாம். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதனையும் ஒரு பொருளாகச் சேர்க்குமாறு பஞ்சாயத்து உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.